மருந்து ஆய்வுக்கு வாலண்டியர்: யாரை எடுக்கிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஏன்?

'வயது 18 முதல் 45. நல்ல ஆரோக்கியம் வேண்டும். ஆதார் கார்டோடு வரவும். இரண்டு தடவை தங்க வேண்டும், சாப்பாடு இலவசம், முடிந்ததும் பணம்.'

சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி அவ்வப்போது சுற்றும். படித்தவர்களில் சிலருக்குப் பயம் வரும்: நம்மை எலி மாதிரி வைத்துச் சோதிப்பார்களா? சிலருக்கு ஆர்வம் வரும்: எப்படியாவது செலக்ட் ஆவது எப்படி? இந்த இரண்டாவது கேள்விக்கு நண்பர்கள் வழியாக வரும் பதில்களில் பல ஆபத்தானவை. போன மாதம் வேறு இடத்தில் மருந்து சாப்பிட்டதைச் சொல்லாதே, காய்ச்சல் மாத்திரை போட்டதைச் சொல்லாதே என்கிற ரகம்.

எதற்காக இவ்வளவு வடிகட்டுகிறார்கள் என்பது புரிந்துவிட்டால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அதனால் அடிப்படையிலிருந்து வருவோம்.

இது எந்த வகை ஆய்வு?

நோயில்லாதவர்களைப் பணம் கொடுத்து அழைக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் வரும்.

1. உயிர்ச்சமன்பாட்டு ஆய்வு. இந்தத் துறையில் இருப்பவர்கள் 'பிஇ ஸ்டடி' என்றுதான் சொல்வார்கள். ஒரு மருந்தின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்ற நிறுவனங்கள் அதே மருந்தைக் குறைந்த விலையில் தயாரிக்கலாம். அந்தப் புது மாத்திரை, பழைய மாத்திரையைப் போலவே ரத்தத்தில் கலக்கிறதா என்று நிரூபிக்க வேண்டும். மருந்து புதிதல்ல. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ வலிக்கோ ஊரில் ஏற்கெனவே பலர் சாப்பிடுகிற மருந்தாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

2. முதல் கட்ட ஆய்வு, அதாவது 'ஃபேஸ் ஒன்'. ஒரு புது மருந்தையோ தடுப்பூசியையோ முதன்முறையாக மனிதர்களுக்குக் கொடுத்து, தாங்குகிறதா, எந்த அளவு வரை பாதுகாப்பு என்று பார்ப்பது.

வெளிநாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட புது மருந்து என்றால், அங்கே நடத்திய முதல் கட்ட ஆய்வின் முடிவுகளைக் கொடுத்த பிறகுதான் இங்கே மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்க முடியும். அதனால் சென்னையில் வாலண்டியர்களுக்கு வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வகைதான். இரண்டாவது வகையும் இங்கே நடக்காமல் இல்லை. 2006-ல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 32 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் எய்ட்ஸ் தடுப்பூசி ஒன்றின் முதல் கட்ட ஆய்வு நடந்தது. 2020-ல் கோவாக்சின் முதல் கட்ட ஆய்வு நடந்த மருத்துவமனைகளில் காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் ஒன்று.

இரண்டு வகைக்கும் ஆபத்தின் அளவு ஒன்றல்ல. 2006 மார்ச் 13 அன்று லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டிஜிஎன் 1412 என்ற புது மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அடுத்தடுத்து ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருமே உயிருக்குப் போராடும் நிலைக்குப் போனார்கள். எல்லோரும் பிழைத்தார்கள் என்றாலும் சிலருக்கு நிரந்தர பாதிப்பு மிஞ்சியது. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் நடந்த ஒரு முதல் கட்ட ஆய்வில் ஒருவர் இறந்தே போனார். பிஇ ஸ்டடியில் இப்படி நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, ஏனென்றால் அந்த மருந்தின் பக்கவிளைவுகள் ஏற்கெனவே தெரிந்தவை. அழைப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு பணம்' அல்ல. 'இந்த மருந்து ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறதா' என்பதுதான்.

டோஸிங் அன்று நடப்பது

தேர்வு விதிகள் ஏன் அவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதை மருந்து கொடுக்கும் நாளைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். தங்குவதை 'ஹவுசிங்' என்பார்கள். முந்தின நாள் மாலையே உள்ளே போய்விட வேண்டும். பையைச் சோதிப்பார்கள், மூச்சுக்காற்றில் மது இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சிறுநீரில் போதைப்பொருள் சோதனை நடக்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் குறைந்தது 10 மணி நேரம் பட்டினி.

விடிந்ததும் முன்கையில் ஒரு ஊசிக்குழாயைச் செருகிவிடுவார்கள். நர்ஸுகள் வாயில் அது 'வென்ஃப்ளான்'. மாத்திரைக்கு முன்பே ஒரு ரத்த மாதிரி. பிறகு 240 மில்லி தண்ணீரோடு மாத்திரை. விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நாக்குக்கு அடியிலும் கன்னத்தின் உள்பக்கமும் பார்ப்பார்கள். அடுத்த படுக்கைக்காரருக்கு ஒன்றிரண்டு நிமிடம் தள்ளித்தான் மாத்திரை. அப்போதிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கால் மணி, அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி என்று முதலில் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் ரத்தம் எடுப்பார்கள். ஒரு சுற்றில் 12 முதல் 18 மாதிரி என்பது சாதாரணம். மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர் கிடையாது, நான்கு மணி நேரம் வரை சாப்பாடும் கிடையாது. படுக்கலாமா, உட்கார வேண்டுமா என்பதைக்கூட அவர்கள்தான் சொல்வார்கள்.

இத்தனை ரத்தமும் ஒரு வளைகோடு வரைவதற்கு. மருந்து ரத்தத்தில் ஏறுகிறது, ஓர் உச்சத்தைத் தொடுகிறது, இறங்குகிறது. அந்த உச்ச அளவு ஒன்று, வளைகோட்டுக்குக் கீழே இருக்கும் மொத்தப் பரப்பு இன்னொன்று. சில நாள் இடைவெளிக்குப் பிறகு அதே ஆட்கள் இன்னொரு நிறுவனத்தின் மாத்திரையைச் சாப்பிட்டு இதே வளைகோட்டைத் திரும்ப வரைகிறார்கள். யார் எதை முதலில் சாப்பிடுவது என்பது குலுக்கல் மாதிரி முடிவாகும். கடைசியில் இரண்டு மாத்திரைகளின் உச்ச அளவுக்கும் பரப்புக்கும் சராசரி விகிதத்தைக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கின் 90 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, முழுவதும் 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் நடுவே விழுந்தால் இரண்டும் சமம்.

இதைச் சிலர் 'ஜெனரிக் மருந்தில் (காப்புரிமை முடிந்த பின் மற்ற நிறுவனங்கள் தயாரிப்பதில்) 20 சதவீதம் கம்மியாக இருக்கலாம்' என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் எடைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. சராசரி மட்டும் உள்ளே இருந்தால் போதாது, சராசரியைச் சுற்றியுள்ள தடுமாற்றமும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். அதனால் ஒருவர் உடம்பில் ஏற்கெனவே வேறு ஏதாவது மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அவருடைய வளைகோடு கோணலாகும், மொத்தக் கணக்கும் கெடும். சாதாரண மாத்திரை (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை அல்லாதது) சாப்பிட்டவர், மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொட ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அவருடைய மாதிரிகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது இதே காரணத்துக்காகத்தான்.

ஸ்கிரீனிங்: எதில் விழுகிறார்கள்?

'ஸ்கிரீனிங்' நாளில் உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடி, ஈசிஜி, ரத்தம், சிறுநீர், சில சமயம் மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி சோதனைகளும் உண்டு. பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை சேரும். வயது பெரும்பாலும் 18 முதல் 45 வரை. உடல் நிறை குறியீடு 18.5-க்கு மேல் இருக்க வேண்டும். மேல் எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறும். 'நல்லாத்தானே இருக்கேன், என்னை ஏன் வேண்டாம் என்றார்கள்' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றில் சிக்கியிருப்பார்கள்.

1. ஹீமோகுளோபின். பெண்கள் அதிகம் திரும்பிப் போவது இதில்தான். இரண்டு சுற்றிலும் எடுக்கும் ரத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி இது. இயல்பான அளவுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. ஆய்வை மறந்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

2. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி. கல்லீரல் அளவுகள். கொழுப்புக் கல்லீரல் இருந்தாலோ, சனிக்கிழமை குடித்துவிட்டுத் திங்கட்கிழமை போனாலோ ஏறக்கூடும். ஜிம்மில் முந்தின நாள் கடுமையாக எடை தூக்கினாலும் ஏறலாம், ஏனென்றால் அடிபட்ட தசையிலிருந்தும் இவை கசியும். குடியே தெரியாத ஒரு பையனை ஜிம் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு மூன்று நாள் கடும் உடற்பயிற்சி இல்லாமல் போவது நல்லது.

3. கை நரம்பு. ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியவில்லை, தட்டினாலும் எழவில்லை என்றால் பலமுறை குத்த நேரிடும் என்பதால் வேண்டாம் என்பார்கள்.

4. சமீபத்தில் எடுத்த மருந்து. இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குழப்பம். 'மருந்தா? ஒண்ணும் சாப்பிடலையே' என்பவர் போன வாரம் நிலவேம்புக் கசாயம் குடித்திருப்பார், லேகியம் சாப்பிட்டிருப்பார், ஜிம்மில் வாங்கிய பவுடரைக் கரைத்துக் குடித்திருப்பார். ஆய்வுக்காரர்களின் கணக்கில் சித்த மருந்து, ஆயுர்வேதம், கடையில் வாங்கிய பாராசிட்டமால், சத்து மாத்திரை எல்லாமே மருந்துதான். எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பது ஒவ்வோர் ஆய்வின் திட்டத்திலும் எழுதியிருக்கும். எதையும் விடாமல் சொல்லிவிட வேண்டும்.

5. சாப்பாடு. பம்பளிமாஸுக்கும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டுக்கும் தடை உண்டு; குடலில் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை அவை முடக்கிவிடுவதால் ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறும். காபி, டீ, கோலா, சாக்லேட் ஆகியவற்றுக்கும் ஓரிரு நாள் முன்பிருந்தே தடை இருக்கும். ஃபில்டர் காபி இல்லாமல் தலைவலிக்கும் என்பவர்கள் ஒரு வாரம் முன்பே குறைத்துப் பழகிக்கொள்ளலாம். அப்புறம், கசகசா. பரோட்டா சால்னாவிலும் குருமாவிலும் அரைத்து விடுவது வழக்கம். கசகசாவில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய அளவு மார்ஃபின் சிறுநீர்ச் சோதனையில் அபின் வகை போதைப்பொருளாகத் தெரியக்கூடும். போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் ஹோட்டல் குருமாவைத் தவிர்த்துவிடுங்கள்.

6. புகை, புகையிலை, பான்பராக். பல ஆய்வுகளில் அறவே கூடாது.

ரத்த அழுத்தம் சிலருக்கு டாக்டரைப் பார்த்ததும் ஏறும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, திரும்ப அளக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. தூக்கமும் தண்ணீரும் முக்கியம். பாதி இரவு கண்விழித்துவிட்டு, மின்சார ரயிலில் நின்றபடி வந்து இறங்கிய உடம்பு, அதன் வழக்கமான எண்களைக் காட்டாது.

நேர்மையான வழியில் தேர்வாவதற்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதியெல்லாம் உடம்பு தீர்மானிப்பது. ஒரு ஆய்வில் வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் நோயாளி என்று அர்த்தமில்லை, அந்த மருந்துக்கு வகுத்த எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். ஆனால் சோதனை முடிவில் ஏதாவது அசாதாரணமாக இருந்தால், அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டே வெளியே வாருங்கள்.

90 நாள் விதி: அதிகம் பேர் பொய் சொல்லும் இடம்

ஓர் ஆய்வு முடிந்து அடுத்ததில் சேர வழக்கமாக 90 நாள் இடைவெளி கேட்பார்கள். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று இடத்துக்குப் போனால் கூடுதல் பணம் வருமே என்று நினைப்பவர்கள் உடைக்க முயல்வது இதைத்தான். ஏன் உடைக்கக் கூடாது என்பதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது ரத்தம். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு சுற்றில் 20 மாதிரி, ஒவ்வொன்றும் 5 மில்லி, இரண்டு சுற்று. ஆக 200 மில்லி. ஸ்கிரீனிங்கிலும் கடைசிச் சோதனையிலும் எடுப்பது தனி. ரத்ததான முகாமில் ஒரு தடவைக்கு 350 மில்லி எடுத்துவிட்டு, ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் கழித்துத்தான் மறுபடி வரலாம் என்கிறார்கள். மாதத்துக்கு ஒரு ஆய்வு என்று போகிறவர், ரத்ததானத்துக்கே அனுமதிக்காத வேகத்தில் ரத்தத்தை இழக்கிறார். சிவப்பணு திரும்ப ஊறினாலும் இரும்புச்சத்து அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது. களைப்பு, மூச்சிரைப்பு என்று வரும்போது அவருக்கு அதன் காரணமே தெரியாமல் போகலாம். (ஆய்வுக்கு முன்னே பின்னே ரத்ததானம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.)

இரண்டாவது மருந்து. ஒரு மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். ஐந்து அரை ஆயுள் கழிந்தால் சுமார் 97 சதவீதம் வெளியேறிவிடும். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே விடும் 'வாஷ் அவுட்' இடைவெளி இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. சில மருந்துகளின் அரை ஆயுள் ஓரிரு மணி நேரம். சிலவற்றுக்கு நாட்கள், வாரங்கள். முந்தின மையத்தில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று இந்த மையத்து டாக்டருக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டீர்கள் என்றால், இரண்டு மருந்தும் உள்ளே சந்தித்து என்ன செய்யும் என்பதைக் கணிக்க யாருமே இல்லை. இதயத் துடிப்பின் லயத்தை லேசாகப் பாதிக்கும் மருந்துகள் இரண்டு சேர்ந்தால் அது லேசான விஷயமாக இருக்காது.

மூன்றாவது, அந்த மாத்திரையைப் பிற்பாடு சாப்பிடப் போகிறவர்கள். உங்கள் வளைகோட்டை நம்பித்தான் வலிப்புக்கும் இதய நோய்க்கும் மருந்து விற்பனைக்கு வருகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் மருந்துக்கடையில் வாங்குவது அதைத்தான்.

இதைத் தடுக்கப் பிரிட்டனில் வாலண்டியர்களின் பொதுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. பிரான்சில் தேசியப் பதிவேட்டோடு, ஒருவர் ஓர் ஆண்டில் இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு. இங்கே பல மையங்கள் விரல்ரேகையை வைத்து, இவர் சமீபத்தில் வேறு மையத்துக்குப் போனாரா என்று இணையவழியில் சரிபார்க்கின்றன. ஆனால் எல்லா மையங்களையும் கட்டாயமாக ஒரே வலையில் இணைக்கும் ஏற்பாடு வந்தால்தான் இந்த ஓட்டை அடைபடும். அது வரும்வரை வாலண்டியர் தன் வாயால் சொல்லும் தேதிதான் கடைசிக் காவல்.

பணம்: எதற்குத் தருகிறார்கள்?

எவ்வளவு பணம் என்பதை எதிக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழு, பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர், அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், தலைவர் வெளியாள், சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவமோ அறிவியலோ சாராத சாமானியர் ஒருவர், பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. வாலண்டியர்களைத் தேடும் விளம்பரமும் இவர்கள் பார்வைக்குப் போக வேண்டியதே.

பணம், செலவழித்த நேரத்துக்கும் பட்ட சிரமத்துக்கும் ஈடு. ஆபத்துக்கு விலையாக அதை வைக்கக் கூடாது, யோசிக்கவே விடாத அளவுக்குப் பெரிய தொகையாகவும் இருக்கக் கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின் போக்கு. அதனால்தான் 'மூன்றே நாளில் பெரும் பணம்' என்று கூவும் அழைப்பைக் கண்டால் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கையெழுத்து போடும் முன் கேட்க வேண்டியவை:

1. முதல் சுற்றோடு நான் விலகினால் எவ்வளவு? பக்கவிளைவால் டாக்டரே நிறுத்தினால் எவ்வளவு? வாந்தி எடுத்தால்?
2. 'ஸ்டாண்ட்பை' ஆளாக வந்து, மருந்து கொடுக்காமல் அனுப்பினால் ஏதாவது உண்டா? (யாராவது கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால் என்று சிலரை உபரியாக வரவழைப்பது வழக்கம்.)
3. பணம் என் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருமா, எப்போது?

கூட்டிப் போகும் ஏஜென்ட் இதில் பங்கு கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கமிட்டி ஒப்புக்கொண்ட தொகை வாலண்டியருக்கு உரியது. ஆதார் கார்டையோ வேறு அசல் ஆவணத்தையோ ஏஜென்டிடம் விட்டு வைக்கவும் கூடாது.

இடையில் விலகுவது உங்கள் உரிமை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. மருந்து சாப்பிட்ட பிறகு விலகினால், மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை கண்காணிப்பில் இருக்கச் சொல்வார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் நன்மைக்கு.

ஏதாவது ஆகிவிட்டால்

2013-க்கு முன் இழப்பீட்டுக்குத் தெளிவான கணக்கே இல்லை. மருந்து ஆய்வுகளில் நடந்த மரணங்கள் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் விதிகள் இறுகின. இப்போது நடைமுறையில் இருப்பது 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள். அதில் வாலண்டியர் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு:

ஆய்வில் உடல் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். தேவைப்படும் வரையிலோ, ஆய்வுக்கும் பாதிப்புக்கும் தொடர்பில்லை என்று நிரூபணமாகும் வரையிலோ அது தொடர வேண்டும். கடுமையான பாதிப்பு என்றால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். பாதிப்பு மருந்தால் மட்டும் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆய்வின் ஒரு செய்முறையால் வந்தாலும், திட்டத்தை மீறியதால் வந்தாலும், அலட்சியத்தால் வந்தாலும் கணக்கில் சேரும்.

மரணத்துக்கான இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. அடிப்படைத் தொகை 8 லட்சம். அதை வயதுக்கான எண்ணாலும் ஆபத்துக்கான எண்ணாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். 30 வயதுக்கு வயது எண் 207.98. ஆபத்து எண் 0.5-லிருந்து 4 வரை போகும்: சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளிக்கு 0.5, முழு ஆரோக்கியமானவருக்கு 4. ஆக 30 வயது ஆரோக்கியமான வாலண்டியருக்குக் கணக்கு சுமார் 67 லட்சம் ரூபாய். அதே ஆளுக்கு 50 சதவீத நிரந்தர ஊனம் என்றால் சுமார் 30 லட்சம். நிரந்தர பாதிப்பில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குணமானால், டெல்லியில் பயிற்சி இல்லாத தொழிலாளிக்கு உள்ள ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியின் இரண்டு மடங்கு, இருந்த ஒவ்வொரு நாளுக்கும்.

அந்த 4 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஆரோக்கியமானவர் என்பதால்தான் வாலண்டியருக்குக் கணக்கில் உயர்ந்த இடம். இருந்த நோயை மறைத்துவிட்டு உள்ளே போனவரோ, இரண்டு வாரம் முன்பு வேறு மையத்தில் மருந்து சாப்பிட்டவரோ பாதிக்கப்பட்டால், எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளப் போவது அதைத்தான். பாதிப்பு இந்த ஆய்வால் வந்ததா என்ற கேள்வியே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 2020-ல் கோவிஷீல்டு ஆய்வில் பங்கேற்ற சென்னைக்காரர் ஒருவர் நரம்பு பாதிப்பு வந்ததாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியபோது நடந்த சண்டையும் இதைப் பற்றித்தான். தடுப்பூசிக்கும் பாதிப்புக்கும் தொடர்பில்லை என்று சொன்ன நிறுவனம், பதிலுக்கு 100 கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்போம் என்றது. உண்மையை முழுதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனவருக்கே பாதை இவ்வளவு கடினம் என்றால், பொய் சொல்லிவிட்டுப் போனவர் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய ஸ்கிரீனிங்

மையம் உங்களைச் சோதிப்பது போல் நீங்களும் மையத்தைச் சோதிக்க வேண்டும். இது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. 2015 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை சுமார் 700 மருந்துகளின் அனுமதியை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. ஐதராபாத் மையம் ஒன்றில் வாலண்டியர்களின் ஈசிஜி பதிவுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தியது ஆய்வில் தெரியவந்ததுதான் காரணம். ஈசிஜி என்பது வாலண்டியரின் இதயம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஒருவருடைய தாளை இன்னொருவர் பெயரில் வைத்தால், அந்த இன்னொருவரின் இதயத்தை யாரும் பார்க்கவே இல்லை என்று பொருள். 2017 மார்ச்சில் சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் நடத்திய ஆய்வுகளின் தரவுகளை நம்ப முடியாது என்று கூறி, 300-க்கும் மேற்பட்ட மருந்துகளின் அனுமதியை நிறுத்தி வைக்க அதே முகமை பரிந்துரைத்தது. அந்த மருந்துகளால் யாருக்கும் தீங்கு வந்ததாக ஆதாரம் இல்லை என்றும் சொன்னது.

போவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. பிஇ ஆய்வு நடத்தும் மையம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று சிடி-09 என்ற படிவத்தில் இருக்கும். எண்ணைக் கேட்கலாம். அந்த அமைப்பின் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் இருக்கிறது.

2. எதிக்ஸ் கமிட்டிக்கும் பதிவு எண் உண்டு. அதன் தொடர்பு விவரம் ஒப்புதல் படிவத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

3. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 முதல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஆய்வின் பெயரையோ ஊரையோ போட்டுத் தேடலாம். யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர், என்ன மருந்து என்பது தெரியும்.

4. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா? உங்களுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்பது விதி. படிக்கத் தெரியாதவர் என்றால், மையத்தைச் சேராத நடுநிலையான ஒரு சாட்சி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். 'எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்களும் போட்டுடுங்க தம்பி' என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம். வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்வதை நல்ல மையம் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

5. சைவம் சாப்பிடுபவரா? சாப்பிட்ட பிறகு மருந்து கொடுக்கும் ஆய்வுகளில், 800 முதல் 1000 கலோரி வரை உள்ள கொழுப்பு மிகுந்த காலை உணவை அரை மணி நேரத்துக்குள் காலி செய்ய வேண்டியிருக்கும். தட்டில் என்ன வைப்பார்கள், மாத்திரையின் உறை ஜெலட்டினா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

6. அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், இரவில் டாக்டர் இருப்பாரா, வீடு திரும்பிய பிறகு கூப்பிட எந்த எண்?

கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதியை அவர்கள் உங்களிடம் தர வேண்டும். அதைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்கி, ஆய்வில் இருக்கிறீர்கள் என்பது தெரிந்த ஒருவரிடம், அம்மாவிடமோ அண்ணனிடமோ அறைத் தோழனிடமோ கொடுத்து வையுங்கள். படிவத்தின் ஒரு படம் கைப்பேசியிலும் இருக்கட்டும். வெளியே வந்த பத்து நாளில் காய்ச்சலோ தோலில் தடிப்போ வந்து பக்கத்துக் கிளினிக்கில் போய் உட்காரும்போது, அங்கே இருக்கும் டாக்டர் முதலில் பார்க்க வேண்டிய தாள் அதுதான். கடைசி ரத்தம் எடுத்த தேதியையும் அதன் மேல் எழுதி வையுங்கள். 90 நாளை எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்து.